ஈரலுக்கு ஒரு சாட்சி

எங்கள் ஊரில் ஈரல் கெட்டவன் என்றால் குடிகாரன். வேறு காரணமே கிடையாது. என் கணவர் ஆரோக்கியசெல்வம் கம்பத்தில் வேதியியல் வாத்தியார். மாதா கோயில் பூசையில் சாமியார் குடிக்கும் திராட்சை ரசத்தின் வாசனைக்கே தலை சுற்றும் என்பார். 2006இல் அவருக்கு ஈரல் சுருங்கியபோது, சாவைவிடக் குடிகாரன் என்ற பேர்தான் அவரை அரித்தது.

பழைய காமாலைக் கிருமி ரத்தத்திலேயே குடியிருந்திருக்கிறது என்றார் மதுரை டாக்டர். அதை மட்டும் சொன்னால் போதாதா? பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இவர் படுத்தபடியே பாடம் நடத்தினார்.

"நாம திங்கிற கறி, பருப்பெல்லாம் அமினோ அமிலமா உடையும். அது எரியும்போது ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு கிளம்பும். ஜோடியில்லாத எலக்ட்ரான். சும்மா இருக்காது. பக்கத்து ஜோடியில ஒண்ண இழுத்துரும். தனியா நிக்கிறது அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படியே ஈரல் செல்லோட சுவரு பூரா ஓட்டை. நல்ல ஈரல்னா இதுகளப் பிடிச்சு அடக்கிரும். என் ஈரலுக்குத் தெம்பில்ல."

பக்கத்து வீட்டுச் சின்னக்கருப்பு, திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவன், வாயைப் பிளந்து கேட்டான். "நம்ம தெருவுலயும் அப்பிடி ஒருத்தன் திரியிறான் சார். பேரு வேணாம்."

என் கணவரின் அக்கா பாக்கியம் அடுப்படிக்கு வந்து என் காதைக் கடித்தார். "அதெல்லாம் இருக்கட்டும் ஆத்தா. எம்புட்டுக் குடிப்பான்?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "எக்கா, கெட்டுப்போனது ஈரலு. காது நல்லாத்தான் இருக்கு."

பிறகு என்னிடம் சொன்னார்: "குடிச்சுச் செத்தான்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது, ஜெசிந்தா. அங்கன நின்னு நீயே விளக்கிச் சொல்லிரு."

"பொணத்தப் போட்டுக்கிட்டா பாடம் நடத்தச் சொல்றீக?"

"கரும்பலகை வேணாம்" என்றார்.

அவர் போன மறுநாள், சவப்பெட்டியைத் தூக்கப் போகும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "இம்புட்டுப் படிச்சும் குடிய விட முடியலையே, பாவம்."

எழுந்தேன். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னக்கருப்பு எழுந்துவிட்டான். வேட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வாடை என் வரைக்கும் வந்தது.

"எவன்டா சொன்னது? டாஸ்மாக் தொறந்த நாள்லருந்து நான் அங்கனதான் கெடக்கேன். சாரு ஒரு நாளாச்சும் அந்தப் பக்கம் வந்ததுண்டா? வந்திருந்தா எனக்கு ஒரு குவாட்டர் வாங்கித் தந்திருக்க மாட்டாரா? அவரக் கொன்னது ஜோடியில்லாத எலட்ரான்டா!"

இந்த விஷயத்தில் அவனைவிடத் தகுதியான சாட்சி எங்கள் ஊரிலேயே இல்லை. பாக்கியம் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப நெசமாவே குடிக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். உடம்பு குலுங்குவதைப் பார்த்து அழுகிறேன் என்று நாலு பெண்கள் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பிடித்த பிறகுதான் அழுகை வந்தது.