குடியிருப்போர் இருவர்

முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை உண்டு. இருவர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கொரு சலுகை. ஒரே நிபந்தனை, வாங்கியவர்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். நானும் அக்காவும் சேர்ந்துதான் வாங்கினோம். சாவி கைக்கு வரப் பத்து நாள் இருக்கும்போது அக்கா செத்துப்போனாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைச் சம்பளத்தில் நான் ஒருத்தி தவணை கட்ட முடியாது. அக்காவின் சலுகையும் கிடைத்தால் ஒரு வருஷம் தள்ளலாம். இல்லையென்றால் வீடு ஏலத்துக்குப் போகும். அதனால் வரிப் படிவம் நிரப்பித் தருகிறவரிடம் அக்கா இறந்த விஷயத்தை மூச்சுவிடவில்லை.

"அக்கா வரலையாம்மா?"

"அவளுக்கு வேலை சார். நானே கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து நானே போட்டேன். 'நான் இந்த வீட்டில் வசிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே, அக்காவின் கையெழுத்து. பள்ளிக்கூட நாளிலேயே அவள் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அக்காவின் பெட்டியைப் பிரித்தேன். வாசலில் அவள் செருப்பு, குளியலறைக் குவளையில் அவளுடைய பச்சை பிரஷ். அவள் ஆசைப்பட்ட ஜன்னல் அறையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் துணிகளைக் கூடத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, அங்கே தலையணைப் பக்கத்தில் அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பச்சை பிரஷ் ஈரமாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நானே எடுத்திருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் கண்ணாடியில் விரல் ரேகை. கண்ணாடி துடைப்பதுதான் என் பிழைப்பு, துடைத்தது எது, துடைக்காதது எது என்று எனக்குத் தெரியாதா? அதற்கடுத்த நாள் கூடத்துத் துணிகளில் பாதி மடித்துக் கிடந்தது, சட்டைக் கைகளை உள்ளே மடக்கி. நான் எங்காவது கிளம்பினால் அக்கா அப்படித்தான் மடித்துத் தருவாள். பயந்தேன். பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. ஆனாலும் படிவத்தைத் திரும்ப வாங்கவில்லை.

அதிகாரி நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கடையில் அனுமதி கேட்டு ஓடிவந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யார் சார் கதவைத் திறந்தது?"

"உங்க அக்காதான். எல்லாத்தையும் காட்டினாங்க." தாளைப் புரட்டினார். "அவங்க பேர்ல ஒரு பிரச்சினையும் இல்ல. உங்க பேர்லதான் இடிக்குது. நீங்க இங்க இருக்கறதுக்கு அடையாளமே காணோமேம்மா."

"என்ன சார், விளையாடறீங்களா?"

குளியலறைக்கு ஓடினேன். குவளையில் ஒரே பிரஷ், பச்சை. கூடத்தில் என் துணி ஒன்றுகூட இல்லை. வாசல் ஓரத்தில் என் பை ஜிப் போட்டுத் தயாராக நின்றது. உள்ளே வரும்போது அதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

"இது என் வீடு சார்!" என்று கத்தினேன்.

ஜன்னல் அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சார், வந்தவங்களை நிக்க வைக்காதீங்க. உக்காரச் சொல்லுங்க."