ஐம்பத்திரண்டாவது நிமிடம்

ஐந்து நாற்காலியும் நிரம்பாமல் ஓட்டெடுப்பு கிடையாது. இந்த விதியை எழுதியவர் அவள் கணவர். அதனால்தான் அவர் போய் நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல் டாக்டரின் கிளினிக்கில், ஈறு நோயின் நான்கு கட்டங்களைக் காட்டும் படத்துக்குக் கீழே அவள் உட்கார வேண்டியதாயிற்று.

மற்ற நாட்களில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்கும் அறை அது. ஞாயிறு விடுமுறை என்பதால் பன்னிரண்டு வருடமாக இங்கேதான் கூடினார்கள். பழைய படங்களைத் துடைத்துச் சரிசெய்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காக வெளியிடும் கம்பெனிகள் சில இன்னும் இருந்தன. அந்தந்த வருடம் வந்ததில் எது உசத்தி என்று இந்த ஐந்து பேரும் கூடிப் பேசிப் பரிசு கொடுப்பார்கள். பரிசு என்றால் ஒரு வட்ட ஸ்டிக்கர். ஊரில் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. ஒரே ஒரு சின்னக் கம்பெனிக்காரர் மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். தன் டிஸ்க்குக்குப் பரிசு வந்தால் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி இன்னும் ஆயிரம் பிரதி போடுவார். வராவிட்டால் முதலில் போட்ட ஐந்நூறோடு சரி.

இந்த வருடம் அந்தக் கம்பெனி வெளியிட்ட டிஸ்க்கில் அவள் கணவரின் குரல் இருந்தது. படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கும் அக்காள் தங்கை இரண்டு பேரைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். படம் ஓட ஓட, கூடவே ஒருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற தனி ஒலித்தடம் ஒன்றை அவர் செய்து கொடுத்திருந்தார். கமெண்ட்ரி என்பார்கள். சாப்பாட்டு மேசையில் மைக்கை வைத்து, ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டு, மூன்று வாரம் வீட்டையே ரெண்டு பண்ணினார். டிஸ்க் கைக்கு வந்த பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை.

'அண்ணன் நாற்காலியில நீங்க வந்து உக்காருங்க அண்ணி. இந்த வருஷம் அண்ணன் டிஸ்க்குக்குத்தான்' என்று பல் டாக்டர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அந்த ஆயிரம் பிரதிக்காகத்தான் அவள் வந்தாள். இன்னும் ஆயிரம் வீட்டில் அவர் பேசுவார் என்ற நினைப்பு, இந்த நாலு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பிடிமானமாக இருந்தது.

ஆனால் கூட்டம் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியும் அந்த டிஸ்க்கின் பேச்சே வரவில்லை. அட்டையின் முதுகில் எழுத்து மேலிருந்து கீழாக வர வேண்டுமா, கீழிருந்து மேலாக வர வேண்டுமா என்று போய்க்கொண்டிருந்தது. அலமாரியில் ஒரு டிஸ்க்குக்குக் கழுத்தை இடப்பக்கமும் அடுத்ததுக்கு வலப்பக்கமும் சாய்க்க வேண்டியிருக்கிறதாம்.

"கழுத்து வலிக்கு மார்க் குறைக்க முடியுமா? உங்க கழுத்து, உங்க வலி" என்றார் காது. காது கேட்கும் கருவி விற்கிறவர். அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லி அவரை யாரும் அங்கே கூப்பிட்டு அவள் கேட்கவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரு முறை வேணும்" என்றார் நாய்க்காரர். வரி அலுவலகத்தில் எழுத்தர். அவரிடம் நாய் கிடையாது. போன வருடம் அவர் உயிரைக் கொடுத்து வாதாடிய ஒரு டிஸ்க்கில், கமெண்ட்ரிக்குப் பின்னால் எங்கோ ஒரு நாய் இரண்டு தடவை குரைத்தது. வெளிச்சத்தம் கேட்கிற டிஸ்க் போட்டியில் இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி அவள் கணவர்தான் அதைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "முடிவு என்னன்னு சொல்லுங்க. மேலயா, கீழயா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எழுதும்மா" என்றார் டாக்டர்.

"போன வருஷமும் இதைத்தான் எழுதியிருக்கேன் சார்."

அவளுக்கு முதுகு வலித்தது. இந்த ஒரு ஸ்டிக்கருக்காகவா இந்த மனுஷர் பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை இங்கே கொண்டுவந்து கொட்டினார்? வீடு திரும்பியதும் களைத்துப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். ஏதோ பெரிய வேலை முடித்து வந்தவர் மாதிரி.

கடைசியில் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, முதல் பரிசு. படகுத்துறைப் படம். எல்லாரும் கமெண்ட்ரியோட முழுக்கப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு. இதுல பேச ஒண்ணுமில்லேன்னு நினைக்கிறேன்."

நாய்க்காரர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மடித்தார். மறுபடி துடைத்தார்.

"ஐம்பத்திரண்டாவது நிமிஷம்" என்றார்.

"வேணாம்யா" என்றார் காது.

"எனக்கு மட்டும் ஆசையா? ஹெட்போன் போட்டு மூணு தடவை கேட்டேன். கமெண்ட்ரியில வெளிச்சத்தம் இருக்கு."

"என்ன சத்தம்?" என்று கேட்டாள் அவள்.

நாலு பேரும் அறை மூலையில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்தார்கள். முழுக்கப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவள் கேட்கக் கூடாத கேள்வி அது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தைப் பார்த்திருந்தாள். கமெண்ட்ரியைப் போடத்தான் கை வரவில்லை. ரிமோட்டை எடுப்பாள், கீழே வைப்பாள்.

"நான் அதைக் கேக்கலை" என்றாள். "பொய்யாத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப போடுங்க."

நூலகப் பெண் எழுந்து சுவரில் இருந்த டிவியைப் போட்டாள். படத்தில் டிக்கெட் கவுண்டரின் பலகைக் கதவு இறக்கியிருந்தது. அக்காள் தங்கை இரண்டு பேரும் உள்ளே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதன்மேல் அவர் குரல் வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பது போலப் பேசினார்.

"...சண்டை முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் எழுந்து போக வேற இடமும் இல்ல..."

அப்போது தூரத்தில், சமையலறையிலிருந்து, ஒரு பெண் குரல்: "மாத்திரை போட்டாச்சா இல்லையா? ஒரு ஆளுக்கு எத்தனை தடவைதான் கத்தறது!"

"இதோ" என்றார் அவர். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "இந்த இடத்துல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பாருங்க."

நூலகப் பெண் டிவியை நிறுத்தினாள்.

அவளுக்கு முகம் சுட்டது. அந்தக் குரல் தன்னுடையதுதான். எரிச்சலும் அலுப்பும் அப்படியே சொட்டச் சொட்ட. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்தெட்டு வருடம் ஊராருக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னவள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று. வீட்டுக்காரரிடம் மட்டும் இப்படி. ஐந்நூறு வீட்டில் இது ஓடிக்கொண்டிருக்கிறதா?

"விதி விதிதான்" என்றார் நாய்க்காரர் மெதுவாக. அவருக்கே அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. "நாய்க்கு ஒரு நியாயம், மனுஷங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் அவளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி."

"இல்ல, சரியாத்தான் சொல்றீங்க."

டாக்டர் கையை உயர்த்தினார். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். "கம்பெனிக்காரர்கிட்ட பேசிட்டேன். அடுத்த ஆயிரம் போடும்போது அந்த அஞ்சு விநாடியைத் துடைச்சுடலாம்னாரு. துடைக்கணுங்கிற நிபந்தனையோட பரிசு கொடுத்துடுவோம். அண்ணனுக்குத் தெரியாம தப்பிப்போன ஒரு சின்ன விஷயம், அவ்வளவுதான். விதியைத் தளர்த்தறதுக்கு அஞ்சு பேரும் ஒத்துக்கணும். நான் சரின்னு சொல்றேன்."

"நானும்" என்றாள் நூலகப் பெண்.

நாய்க்காரர் கைக்குட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். "அண்ணி சரின்னா எனக்கும் சரி. துடைச்சுட்டா சத்தம் இல்ல. சத்தம் இல்லேன்னா நான் ஏன் பேசப் போறேன்?"

எல்லாம் கூடி வந்துவிட்டது. ஆயிரம் பிரதி. அவர் குரல் இருக்கும், தன் கத்தல் இருக்காது. இதைவிட வேறென்ன வேண்டும்? சரி என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"தெரியாம தப்பிப்போச்சா?" என்றார் காது. குரலில் நிஜமான கோபம். "டாக்டர், யாரைப் பத்திப் பேசறீங்க? ஊசி விழுந்தா எந்த ரூம்லன்னு சொல்ற மனுஷனுக்குத் தெரியாமலா?"

கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். "ரெகார்ட் பண்ணதைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தது நான். எதை எதை வெட்டணும்னு அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் இது. மொத்தம் நூத்திப் பதினாலு. பாருங்க. ஐம்பத்தொண்ணு முப்பத்தாறு, நாற்காலி கிறீச். வெட்டு. ஐம்பத்திரண்டு நாற்பது, எதிர் வீட்டு ஸ்கூட்டர். வெட்டு. நடுவுல இது இருக்கு. அதை எழுதலை."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அவர் கையெழுத்துதான். கடைசி மாதங்களில் வலப்பக்கம் சரிந்துகொண்டே போன அதே எழுத்து. வரிக்கு வரி ஒரு சத்தம். தாள் புரட்டியது, தும்மல், குழாய்த் தண்ணீர், அவர் வயிற்றின் இரைச்சல்.

"விட்டுப்போச்சோன்னு நானும் போன் பண்ணிக் கேட்டேன். நடுவுல அண்ணி குரல் வருதே, எடுத்துடட்டுமான்னு. 'அது கெடக்கட்டும்'னாரு."

"வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் அவள்.

"வேற ஒண்ணும் சொல்லலை அண்ணி. ஸ்கூட்டர் இன்னும் லேசாக் கேக்குதுன்னு திட்டினாரு."

டாக்டர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "இதை ஏன்யா முதல்லயே சொல்லலை?"

"யார் காதுலயும் விழாதுன்னு நினைச்சேன். இந்தாளு ஹெட்போன் போட்டு வேட்டை ஆடுவாருன்னு நான் கண்டேனா?"

அவள் தாளை மடித்தாள். பிரித்தாள். ஐம்பத்தொன்று முப்பத்தாறுக்கும் ஐம்பத்திரண்டு நாற்பதுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஒரு வரிகூட அங்கே அடித்து எழுதியிருக்கவில்லை. போன வருடம் நாயைத் தூக்கிய மனுஷருக்கு, இதனால் பரிசு போகும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே வைத்திருக்கிறார், சிடுசிடுப்போடு. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் நல்லபடியாகப் பேசின ஒரு நாளில் மைக்கைத் திறந்து வைத்திருக்கக் கூடாதா? ஆனால் நல்லபடியாகப் பேசின நாள் எது என்று யோசித்தால், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மாத்திரையும் தண்ணீருமாக அவர் பக்கத்தில் நின்ற நாட்கள்தான் வரிசையாக வந்தன.

"துடைக்க வேணாம்" என்றாள்.

"அண்ணி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "துடைக்கலேன்னா விதிப்படி போட்டியிலயே இல்ல. ஐந்நூறோட நின்னுடும். ஆயிரம் பேர் கேக்க வேண்டியது."

"தெரியும். அதுக்காகத்தான் வந்தேன்."

"அப்படின்னா விதியையே எடுத்துடுவோம்" என்றார் நாய்க்காரர் திடீரென்று. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "எடுத்துடுவோம்யா. எனக்கும் பெரிய ஆசை ஒண்ணும் இல்ல."

"வேணாம்" என்றாள் அவள். "உங்க டிஸ்க்கை அதை வெச்சுத்தானே தூக்கினாரு. அவருக்குன்னு வரும்போது மட்டும் எடுத்தா, ராத்திரி என் கனவுல வந்து சண்டை போடுவாரு. எழுதிக்கோம்மா. என் ஓட்டு, இல்ல."

நூலகப் பெண் நோட்டில் விலக்கப்பட்டவை என்ற பக்கத்தைத் திருப்பி எழுதினாள். படத்தின் பெயர், நிமிடம், விநாடி. காரணம் என்ற கட்டத்தில் வெளிச்சத்தம் என்று எழுதிவிட்டு, சரிதானே என்பது போல அவளிடம் நீட்டினாள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, கீழே கையெழுத்திட்டாள். இந்தத் தடவை கேட்டுவிட்டுப் போட்ட கையெழுத்து.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஒரு நிமிடம் யாரும் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. காது எழுந்து போய், உள்ளே பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து வந்து அவளிடம் கொடுத்தார். கோப்பையில் மருந்து வாசம் அடித்தது.

நாய்க்காரர் அவள் பக்கம் சாய்ந்தார். "அந்த நாய் யாரோடதுன்னு கேட்டு லெட்டர் போட்டேன் அண்ணி. அந்தக் கமெண்ட்ரி பேசினவருக்கு. பதிலே வரலை."

"இன்னொண்ணு போட்டுப் பாருங்க."

"போடணும்."

அவளுக்குக் களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய், ரிமோட்டை எடுத்து, முதலிலிருந்து கேட்க வேண்டும். நூற்றுப் பத்து நிமிடம். இருட்டுவதற்குள் போனால் கேட்டு முடிக்கலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள்.

"அடுத்தது, சிறந்த அட்டைப் படம்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, பாதி எழுந்து நின்றவளைத் தயக்கத்துடன் பார்த்தார். "அண்ணி, இன்னும் நாலு ஓட்டு பாக்கி இருக்கு. நீங்க போயிட்டா..."

அவள் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் சண்டை போடுங்க" என்றாள்.