பருந்துக்குப் போட்ட மீன்

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்க, அங்கம்மா மட்டும் எழுந்து போய்க் கூரையில் செருகியிருந்த கவணை உருவினாள். வாசலில் விசுப்பலகை மேல் அவள் மகன் கன்னியப்பன் கிடந்தான். தலையைச் சுற்றிக் கட்டிய துணியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்து முகாமுக்காகப் பருத்திப்பட்டு ஏரிக்கரை மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளை கழிக்கப் புளியமரத்தில் ஏறியவனைப் பருந்து முகத்தில் அறைந்தது, பிடி நழுவி விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று மேஸ்திரி மணவாளன் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தான். முந்தின இரவு சாப்பிடும்போதே கன்னியப்பன் அந்தக் கூட்டைப் பற்றிச் சொன்னான். குஞ்சுகள் பறக்கிறவரை அந்த ஒரு மரத்தை விடச் சொல்லிக் கேட்டானாம். மேஸ்திரி சிரித்தானாம்.

அங்கம்மா ஏரிக்கரைக்கு நடந்தாள். கம்புக் கொல்லையில் காவலிருந்து பழகிய கை. குறி தப்பாது. அந்தப் பறவையை அடித்துக் கொண்டுவந்து மகனின் காலடியில் போட வேண்டும். அதற்குப் பிறகு அழலாம்.

புளியமரம் அடியில் அறுபட்டுச் சாய்ந்து கிடந்தது. கிளைகளுக்கு நடுவே நசுங்கிய கூட்டில் இரண்டு குஞ்சுகள். எறும்பு மொய்த்திருந்தது. அவள் கவணில் கல்லை வைத்தபோது பருந்து இறங்கியது. காலில் ஒரு தவளை. அதைக் குஞ்சுகளின் பக்கத்தில் வைத்தது. அலகால் கிழித்து, ஒரு துண்டை நீட்டிக்கொண்டு நின்றது. குஞ்சுகளின் வாய் எதுவும் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டியது.

அவள் கை தானாக இறங்கியது.

கன்னியப்பனோடு வேலை செய்த முனியன் அவளைத் தேடிப் பின்னாலேயே வந்திருந்தான். பிணத்தை எடுக்கப்போகிறார்கள், வா என்றான். அவள் நகரவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு, எம்புள்ள உழுந்தப்புறமா இத்த வெட்னீங்க என்று கேட்டாள். முனியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உழுந்தப்போ உசுரு இருந்திச்சி பெரிம்மா. தண்ணி கேட்டான். லாரி வர்ற நேரம், மரத்த சாச்சிட்டு அப்பால அவன தூக்கினு போலாம்னாரு மேஸ்திரி."

"நீ இன்னா பண்ணே?"

"ரம்பம் இழுத்துகினு இருந்தேன்."

அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வாசலில் மணவாளன் மாலையோடு நின்றான். பறவை ரூபத்தில் விதி வந்துவிட்டது என்று பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். வாய்க்கரிசி போட வரிசை நகர்ந்தது. அவன் குனிந்து அரிசியில் கைவைத்தபோது அங்கம்மா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ஒருநாளும் அவனை ஒருமையில் பேசியதில்லை.

"தண்ணி கேட்டானாமே எம்புள்ள. அப்போ குட்த்தியா? இப்போ அரிசி இன்னாத்துக்கு?"

பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மணவாளன் முனியனைப் பார்த்தான். முனியன் இந்தமுறை தலை குனியவில்லை. கையிலிருந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டே போனான்.

மறுநாள் காலை ஆண்கள் பால் ஊற்றச் சுடுகாட்டுக்குப் போனார்கள். அங்கம்மா ஏரியில் வலை போட்டிருந்தவர்களிடம் ஒரு கூடை மீன் கேட்டாள். துக்க வீட்டில் மீனா என்று அவர்கள் தயங்கினார்கள். பிறகு கொடுத்தார்கள்.

கூடையோடு அவள் போனபோது சாய்ந்த மரத்தின் பக்கத்தில் மணவாளன் மட்டும் நின்றிருந்தான். ரம்பம் பிடிக்க ஒருவரும் வரவில்லை. பருந்து உச்சியில் வட்டமிட்டது. திடீரெனச் சரிந்து அவன் தலைப்பாகையைத் தட்டிவிட்டு மேலே போனது. அவன் குனிந்து அதை எடுப்பதற்குள் மறுபடி வந்தது. நெற்றியில் ரத்தம் இறங்கியது. கூடு போனால் இரண்டு நாளில் அதுவும் போய்விடும் என்று அவளிடம் சொன்னான். சமாதானம் கேட்பது போலிருந்தது குரல்.

அங்கம்மா கையோடு கொண்டுவந்த அருவாமணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மீனை அறுத்துக் குடலை வெட்டிய மரத்தின் மேல் எறிந்தாள். பருந்து இறங்கித் தூக்கிக்கொண்டு பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்தது. மணவாளன் வெயில் ஏறாத அந்தக் காலையில் குடையை விரித்தான்.

அவள் அடுத்த மீனை எடுத்துச் செதில் தேய்க்கத் தொடங்கினாள்.