மருந்து உண்டா?

இப்போது வரும் பயிற்சி மாணவர்களைப் பார்த்தால் வக்கீலம்மாவுக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். கையில் ஒரு டேப்லெட், காதில் ஒரு ஒயர், தோட்டத்து வாசல்வரை கார். கொடுத்து வைத்தவர்கள்! அவள் காலத்தில் இரண்டு பஸ் மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சேற்றில் அரைமணி நேரம் நடந்தால்தான் தொழிலாளர் கொட்டகை கண்ணில் படும். ஆனாலும் அந்தக் கோடை விடுமுறையைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்பிவிடுவாள்.

அப்போது சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளும் கூடப் படித்த நெட்டையும் இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை, மூன்று பேருக்கு இரண்டு நாற்காலி. சீனியர் வக்கீல் ஒன்றில் உட்காருவார். இன்னொன்றுக்கு இவர்கள் இரண்டு பேருக்கும் தினமும் சண்டை.

அறுவடைக் காலத்துக்கு ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவர்கள் ஒரு பெரிய தக்காளித் தோட்டத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே பலருக்கு இருமல், கண் எரிச்சல் என்று ஒரு புகார் வந்திருந்தது. போய் விசாரித்து அறிக்கை எழுதுங்கள் என்றார் சீனியர். இருவரும் ராப்பகலாக உட்கார்ந்து முப்பது கேள்வி தயாரித்தார்கள். ஆகா, என்ன பெருமை! உலகத்தையே திருத்திவிடப் போகிற நினைப்பு.

கொட்டகையில் அவர்களைக் கண்டதும் டம்ளரைக் கழுவி டீ ஊற்றிக் கொடுத்தார்கள், டம்ளர் போதாமல் நெட்டைக்குச் சோப்புப்பெட்டி மூடியில். செடியைத் தொட்டுத் தொட்டு எல்லார் விரலும் பச்சைக் கறுப்பாக இருந்தது. சிரிப்பக்கா என்று எல்லாரும் கூப்பிட்ட ஒருத்திதான் அவர்களில் முக்கியமானவள். ஐந்து மாதக் கர்ப்பம். எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் பதில் சொல்லுவாள்.

“அக்கா, தோட்டத்துல மருந்து உண்டா?” என்று இவள் படித்தாள்.

“உண்டே. வாரத்துக்கு ரெண்டு தடவை, தப்பவே தப்பாது.”

“யார் செலவு?”

“முதலாளிதான் வாங்கிப் போடுறாரு. வேற யாரு போடுவா?”

போடுகிறார் என்றதும் நெட்டை ‘ஊசி உட்பட’ என்று அடைப்புக்குறியில் எழுதிக்கொண்டான். புத்திசாலி!

அடுத்தது, “பூச்சிக்கொல்லியால பாதிப்பு இருக்கா?”

சிரிப்பக்கா யோசித்தாள். “அப்படி ஒரு ஆளு இங்க இல்லையே. ஏண்ணே, உனக்குத் தெரியுமா?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அவரும் உதட்டைப் பிதுக்கினார். நாற்பது பேரும் இல்லை என்றே சொன்னார்கள்.

ஒரு பெரியவரிடம், “கடைசியா எப்ப மருந்து குடிச்சீங்க?” என்று கேட்டதற்கு அவர் பதறி எழுந்தே விட்டார். “நான் எதுக்கும்மா மருந்து குடிக்கணும்? எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்!” அப்போதாவது இவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பாவம், மனுஷருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

அறிக்கை தொழிலாளர் அதிகாரிக்குப் போயிற்று. வாரம் இருமுறை மருத்துவ வசதி உண்டு, பூச்சிக்கொல்லி பாதிப்பு இல்லை. நான்காம் நாள் தோட்டத்து மேனேஜர் ஒரு கூடை தக்காளியும் நன்றிக் கடிதமும் அனுப்பினார். புகாரை விசாரித்த அலுவலகத்துக்கு நன்றிக் கடிதமா? சீனியர் கூடையையும் பார்த்தார், இவர்களையும் பார்த்தார்.

விஷயம் கொட்டகையில்தான் வெளியே வந்தது. அடுத்த முறை போனபோது சிரிப்பக்கா சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

“காலையில மருந்தடிச்ச ஈரம்கூடக் காயல பாப்பா. அதுக்குள்ள மேஸ்திரி உள்ள இறக்கி விட்டுட்டாரு.”

“மருந்தா? யாருக்குக்கா அடிச்சாங்க?”

“செடிக்குத்தான். பின்ன எனக்கா அடிப்பாங்க?” என்று இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் மருந்து என்று சொன்னதெல்லாம் பூச்சிமருந்தைத்தான் என்று இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைத்தாங்கலாகப் பிடித்த அக்காவின் வயிறு இவள் முழங்கையில் இடித்தது. நாம் எழுதிய காகிதத்தால் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பஸ்ஸைப் பிடித்து நெட்டையும் அவளும் நேரே சீனியரிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

சீனியர் காச்மூச்சென்று கத்தினார். “பூச்சிக்கொல்லியாம்! எந்த ஊர்ல எவன் அப்படிப் பேசுறான்? புஸ்தகத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க!” அப்புறம் தண்ணீர் குடித்தார். “திங்கக்கிழமை அதிகாரி கோப்பை மூடப்போறாரு. நீங்களே போய், நாங்க எழுதினது தப்புன்னு சொல்லுங்க. சான்றிதழ் கிடைக்குமான்னு என்னைக் கேக்காதீங்க.”

திங்கட்கிழமை அதிகாரியின் அறையில் அவள்தான் முதலில் எழுந்தாள். தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று சொல்லி முடித்தாள். தோட்டத்து வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். “மருந்துக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைங்க பேச்சைக் கேட்டா எப்படிங்க?”

அதிகாரி சிரிக்கவில்லை. இவர்களோடு சாட்சி சொல்ல வந்து வாசலில் நின்ற சிரிப்பக்காவை உள்ளே கூப்பிட்டார். தோட்டத்து வக்கீலோடு வந்திருந்த மேஸ்திரி அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். பேசினால் அடுத்த பருவத்துக்கு வேலை இல்லை. அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“உங்களுக்கு மருந்து உண்டாம்மா?” என்றார் அதிகாரி.

“உண்டுங்கய்யா. நாங்க நிக்கும்போதே தலைக்கு மேல உண்டு. இருமினா மட்டும் ஒரு மாத்திரைகூடக் கிடையாது.” அன்றைக்குத்தான் அவள் சிரிக்காமல் பேசினாள்.

அந்தத் தோட்டத்தில் மருந்தடித்தால் மறுநாள்வரை யாரையும் உள்ளே அனுப்பக்கூடாது, கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தார். கொட்டகையில் ஆளுக்கொன்று கொடுத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நெட்டை நடனமே ஆடினான்.

மறு வாரம் போனால் கொட்டகை காலி. மேஸ்திரி ராவோடு ராவாக எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாராம். எங்கே என்று சொல்ல ஆளில்லை. அணைந்த அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஓவென்று அழுதாள். உத்தரவு அந்தத் தோட்டத்துக்கு மட்டும்தானே! அக்கா போன இடத்துக்கு அது போகாதே!

விடுமுறை முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் போன் அடித்தது.

“பாப்பா, நான்தான்! பொண்ணு பிறந்திருக்கா. கத்துறதக் கேளு.” காதைப் பிய்க்கிற அழுகை. தொண்டை நல்ல தொண்டை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“உடம்பு எப்படிக்கா இருக்கு?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். வந்த அன்னிக்கே உன் காகிதத்தைக் காட்டி, மருந்தடிச்சா மறுநாள்தான் இறங்குவோம்னு சொல்லிட்டோம். முத்திரையைப் பார்த்ததும் இங்க உள்ள மேனேஜர் கப்சிப். ஆனா இப்ப மேஸ்திரி, அது இங்க செல்லாதுங்கறாரு. நாளைக்கு மருந்தடிக்கிறாங்க, எல்லாரும் பயப்படுறாங்க. நீ படிச்ச பொண்ணு, சொல்லு. இது இங்கயும் செல்லும்ல?”

அவள் வாயைத் திறந்தாள். மேஸ்திரி சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் அது வெறும் காகிதம். அந்த அளவுக்குச் சட்டம் அவளுக்கும் தெரியும். போனில் குழந்தை இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

“செல்லும்க்கா,” என்றாள். “எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் செல்லும். யார் கேட்டாலும் முத்திரையைக் காட்டுங்க.”

போனை வைத்துவிட்டு நெட்டையைப் பார்த்தாள். “பொய் சொல்லிட்டேன்டா.”

“கணீர்னு சொன்ன,” என்று அவன் நாற்காலியை விட்டு எழுந்து, முதல் தடவையாகச் சண்டையில்லாமல் அவளிடம் தள்ளினான். அங்கேயே உட்கார்ந்து, எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த விதி வேண்டும் என்று மனு எழுத ஆரம்பித்தார்கள். அது சட்டமாவதற்குப் பதினோரு வருடம் ஆயிற்று. அதுவரை சிரிப்பக்காவின் கூட்டம் அந்த ஜெராக்ஸை வைத்துத்தான் ஓட்டியது.