பழுதான கணித உபகரணங்கள்

அரசுப் பள்ளியில் ஒரு பொருளை யாரும் தொடாமல் வைத்திருக்கப் பூட்டு வேண்டியதில்லை. 'பழுது' என்று எழுதி ஒரு சீட்டு ஒட்டினால் போதும். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஞானமணி தானாகக் கண்டுபிடித்த ஒரே தேற்றம் இதுதான். நிரூபணம் ஸ்டோர் ரூமிலேயே இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு டேப் ரிக்கார்டர் எந்த மூலையில் இருந்ததோ, இன்றும் அதே மூலையில் அதே சீட்டோடு உட்கார்ந்திருந்தது.

ஞானமணி ஆவூர்க்காரர். குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வகுப்புக்குள் தேவையான அளவு பேசுவார். வெளியே வந்தால் அதுவும் கிடையாது. அவரோடு டீ குடிக்கப் போகிறவர்கள் ஒரு செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

சில நாட்கள் அவருக்குச் சரியாக விடியாது. நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு எழுந்தது போலிருக்கும். சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரிய காரியமாகத் தெரியும். புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவந்தார். மனைவிக்குத் தெரியும். பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் ரொம்பக் கவனமாக இருந்தார். தெரிந்தால், தலைமையாசிரியர் ஜெபக்குமார் உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார்.

ஜெபக்குமார் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சிக்கலே. முகம் வாடிய ஒருவரைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. போன வருஷம் ஞானமணிக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது, "என்ன சார் ஒரு மாதிரியா இருக்கீங்க" என்று ஆரம்பித்து, வாழைப்பழம் தின்னச் சொல்லி, கையைத் தட்டச் சொல்லி, பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, "ஞானமணி சாருக்காக எல்லாரும் ஒரு தடவ சிரிங்க" என்று முந்நூறு பிள்ளைகளைச் சிரிக்கவைத்தார். ஞானமணி அதிலிருந்து மீள ஒன்பது நாள் ஆயிற்று.

ஜூலையில் ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்கு மனநலப் பயிற்சி நடந்தது. மாவட்டத்திலிருந்து சத்யபிரியா என்ற ஆலோசகர் வந்திருந்தார். "முடியாத நாள்ல யோசிக்க முடியாது. அதனால நல்லா இருக்கிற நாள்லயே ஒரு பெட்டி தயார் பண்ணி வைங்க. தொட்டுப் பாக்க, மோந்து பாக்க, வாயில போட, சிரிக்க, எதெது ஒங்களுக்குக் கைகொடுக்குமோ அதது. யாரைக் கூப்பிடலாம், யாரை அன்னைக்குத் தள்ளி வைக்கலாம்னும் எழுதிப் போடுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். அது ஒங்களோடது" என்றார்.

ஜெபக்குமார் அத்தனையையும் நோட்டில் எழுதினார், 'யாருக்கும் காட்ட வேண்டாம்' என்பதைத் தவிர.

அடுத்த திங்கட்கிழமை எல்லா ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு காலிச் சாக்பீஸ் பெட்டி கொடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை கண்காட்சி. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். சிறந்த பெட்டிக்குச் சால்வை.

ஞானமணி இரண்டு பெட்டி செய்தார்.

ஒன்று கண்காட்சிக்கு. அதில் ஜிகினாத் தாள், குடும்பப் போட்டோ, 'புன்னகையே மருந்து' என்று எழுதிய அட்டை, ஒரு வாழைப்பழம். வாழைப்பழத்தைப் பார்த்ததும் ஜெபக்குமாரின் கண் கலங்கிவிட்டது. சால்வை ஞானமணிக்குத்தான்.

இன்னொரு பெட்டியின் மேல் 'பழுதான கணித உபகரணங்கள்' என்று சீட்டு ஒட்டி, டேப் ரிக்கார்டருக்குப் பின்னால் தள்ளிவைத்தார். அதைச் செய்து முடித்த மாலை, வண்டியில் ஆவூர் போகும்போது பாட்டு மாதிரி ஏதோ ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

ஆகஸ்ட்டில் ஒரு புதன்கிழமை அந்த நாள் வந்தது. இரண்டு பீரியட் எப்படியோ எடுத்தார். மூன்றாவது ஓய்வு. கரும்பலகையில் எழுதிய தன் கையெழுத்தே யாருடையதோ போலத் தெரிந்தபோது ஸ்டோர் ரூமுக்குப் போனார். பெட்டியைத் திறந்தால் போதும், யோசிக்க வேண்டாம் என்ற ஒரே நினைப்பு.

டேப் ரிக்கார்டர் இல்லை. பெட்டியும் இல்லை. இருபத்திரண்டு வருடம் நகராத மூலையில், சுத்தமான ஒரு சதுரம்தான் இருந்தது.

"தணிக்கை வருதுல்ல சார், பழுதானதெல்லாம் கழிக்கணுமாம். எச்.எம். சார் ரூமுக்குப் போயிருச்சு" என்றார் அலுவலக உதவியாளர் ராக்கன்.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதில், தள்ளி வைக்க வேண்டியவர்கள் பட்டியல். முதல் பெயர் ஜெபக்குமார். பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார்.

அவர் உள்ளே போனபோது ஜெபக்குமார் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். டேப் ரிக்கார்டர் முடிந்துவிட்டது. அடுத்தது பெட்டி.

"வாங்க சார், சரியான நேரம். ஒங்க டிபார்ட்மென்ட்தான். நீங்க பேரைச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"நானே எழுதிக் குடுத்துர்றேன் சார். பெட்டியக் குடுங்க."

"அட, ஒக்காருங்க." மூடி திறந்தது. ஒரு கூழாங்கல் வெளியே வந்தது. வெள்ளாற்றில் எடுத்தது, உள்ளங்கையில் வைத்து மூடினால் நிறைவாக இருக்கும். "இது என்ன சார்?"

"கனஅளவு," என்றார் ஞானமணி. "ஒழுங்கற்ற வடிவங்களோட கனஅளவு. தண்ணில போட்டுக் கண்டுபிடிக்கிறது."

"இதுல என்ன பழுது?"

"ரொம்ப ஒழுங்காயிருச்சு சார்."

ஜெபக்குமார் எழுதினார். அடுத்து ஒரு சின்ன டப்பா. மூடியைத் திறந்தவருக்கு வாயில் நீர் ஊறிவிட்டது. "நார்த்தங்கா ஊறுகாயா?"

"சுருள். சுருளா வெட்டுனது. வளைவரைக்கு."

அப்புறம் ஒரு கைப்பிடி தைல மர இலை. "சமச்சீர்" என்றார் ஞானமணி. தன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது அவருக்கே கேட்டது. இவ்வளவு தொடர்ந்து அவர் இந்த அறையில் பேசியதே இல்லை.

பிறகு ஒரு விடைத்தாள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது. தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு, 'கரண்டு இருந்தா பத்து நிமிசம். இல்லாட்டி அம்மா கொடத்துல கொண்டாரணும், அது அம்மாவப் பொறுத்தது.' ஜெபக்குமார் சத்தமாகச் சிரித்தார். "இத எந்தத் தலைப்புல சார் எழுத?"

கேட்டுக்கொண்டே ஜெபக்குமாரின் கை அடியிலிருந்த தாளைத் தொட்டுவிட்டது.

ஜெபக்குமார் படித்தார். மேலே டாக்டர் நம்பர். அதன் கீழே, கூப்பிடலாம் என்று மனைவியின் பெயரும் ராக்கன் பெயரும். ராக்கனுக்கு நேரே, 'ஒன்றும் கேட்கமாட்டார்.' அதன் கீழே, தள்ளி வைக்க: 'ஒன்று, ஜெபக்குமார் சார். நல்லவர். ஆனால் சிரிக்கவைப்பார்.'

ஜெபக்குமார் இரண்டாம் தடவை படித்தார், மூன்றாம் தடவையும். ஞானமணி தரையைப் பார்த்தார். தனக்குப் பழக்கமான மௌனம்தான். ஆனால் அடுத்தவர் உண்டாக்கும்போது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"அகர வரிசையா எழுதுனதா சார்?" என்றார் ஜெபக்குமார், கடைசியில்.

"இல்ல சார்."

"பிரேயர்ல சிரிக்கச் சொன்னதா?"

"ஒம்போது நாள் ஆச்சு சார்."

"அந்த வாழைப்பழம்?"

"அது ஒங்களுக்காக வச்சது."

ஜெபக்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒரு யோசனை, ஒரு பொன்மொழி, குறைந்தது ஒரு மூச்சுப் பயிற்சியாவது வரும் என்று ஞானமணி காத்திருந்தார். வாய் அப்படியே மூடிக்கொண்டது. தாளை மடித்தார். கல், டப்பா, இலை, விடைத்தாள் எல்லாவற்றையும் எடுத்த வரிசைப்படியே திரும்ப வைத்தார். பிறகு ரெஜிஸ்டரில் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்து, சுருக்கொப்பம் போட்டு, பக்கத்தில் எழுதினார்: 'கணித உபகரணப் பெட்டி, ஒன்று. பயன்பாட்டில் உள்ளது.'

"இன்னைக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஞானமணி தலையாட்டினார்.

"நாலாவது பீரியட நான் பாத்துக்கிறேன். போங்க."

ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து, கல்லைக் கையில் மூடிக்கொண்டு, நார்த்தங்காயை நாக்கில் வைத்தார். புளிப்பு காது வரை ஏறியது. சாக்கு முழுதாக விலகவில்லை. யாரோ ஓர் ஓரத்தைத் தூக்கிக்கொடுத்தது போலிருந்தது. இன்றைக்கு அது போதும்.

மதிய மணி அடித்த பிறகு கதவு மெல்லத் திறந்தது. ஜெபக்குமார். ஒன்றும் சொல்லாமல் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார், தப்பித்தவறிக்கூடத் தட்டிவிடக் கூடாது என்பது போல. சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்ப்பதை ஞானமணி ஓரக்கண்ணால் பார்த்தார். எட்டாம் வகுப்பில் ஒரு சின்னக் கணக்குக்கு வழி தெரியாமல் திணறும் பையன்கள் இப்படித்தான் வியர்ப்பார்கள்.

ஏழு நிமிடம் ஆயிற்று.

"நான் ஒண்ணும் பேசலைல்ல சார்?" என்றார் ஜெபக்குமார்.

ஞானமணி கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை முழங்காலில் விரித்து, முதல் பெயரை அடித்தார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். அவர் பெயர் மூன்றாவதாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே, முதலாவதாக ஞானமணியின் மச்சினன் ஏறியிருந்தார்.

"அப்ப ரெண்டாவது யாரு சார்?"

"காலியா இருக்கு," என்றார் ஞானமணி. "இன்னும் பேசுனீங்கன்னா அங்கிட்டுதான்."