காலியாக விடக்கூடாத கட்டங்கள்

விடிவதற்கு முன்பே அம்மாவும் ஃபிட்டர் மாமாவும் இரும்புச் சக்கரத்தில் தொங்குவார்கள். இரண்டு பேர் எடையும் விழுந்தால்தான் அந்த வால்வு அசையும். அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு, மணல் குமுறி, வடிகட்டியில் தங்கிய அழுக்கெல்லாம் மேலே வரும். தெளியும்வரை அவர்களோடு வேலை செய்யும் மற்ற நாலு பேரும் நீளக் கழியால் கிளறுவார்கள். ஆறு தொட்டியும் முடிவதற்குள் அம்மாவுக்குத் தோள் பற்றியெரியும். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது.

அது அரசாங்கக் குடிநீர் நிலையம். மேலதிகாரியான பழைய எம்.டி. வந்தால் நேரே தொட்டிக்குப் போவார். புதியவர் வாசலில் ஒரு பலகை மாட்டினார்: இன்று ஊருக்குப் போனது எத்தனை லட்சம் லிட்டர். தொட்டி கழுவச் செலவாகும் தண்ணீர் அதில் சேராது. அதனால் அவர் வாய்மொழியாகச் சொன்னபடி, தினமும் கழுவியது நாலு நாளைக்கு ஒருமுறை ஆனது. பலகையில் எண் ஏறியது. அவருக்கு விருதுகூடக் கிடைத்தது.

"தொட்டி கழுவுற பதிவேட்டுல கட்டத்தை மட்டும் காலியா விடாதீங்க" என்றார் சூப்பர்வைசர்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பதிவேடு அவள் பொறுப்பு என்பதால் அதை வீட்டுக்குக் கொண்டு வருவாள். எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதித் தருகிறேன். கழுவாத நாட்களிலும் 'கழுவப்பட்டது' என்று குண்டு குண்டாக எழுதினேன். பரீட்சை அவசரத்தில் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

போன வாரம் சந்தைத் தெருவில் நாற்பது குழந்தைகள் வாந்திபேதியில் படுத்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்றார்கள்.

இன்று எம்.டி. அம்மாவைக் கூப்பிட்டாராம்.

"புத்தகத்துல கழுவினதா இருக்கு. அப்ப ஏமாத்தினது யாரு?"

"கழுவ வேணாம்னு சொன்னது யாருங்க சார்?"

"நான் எழுத்துல குடுத்தேனா? காட்டு." அம்மாவிடம் காட்ட ஒன்றுமில்லை. "நாளைக்கு ஒம்பது மணிக்கு என் முன்னாடி உக்காந்து, தப்பு என்னுதுதான்னு உன் கையால எழுதிக் குடு. இல்லைன்னா போலீஸ்."

அம்மாவால் ஒரு வரி எழுத முடியாது. அப்படியென்றால் பதிவேட்டை எழுதியது யார் என்று கேட்பார்கள்.

பொழுது சாய்ந்ததும் ஆறு பேரும் எங்கள் ஒற்றை அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

"எழுதினது நான்தான்னு நானே போய்ச் சொல்லிடறேன்" என்றேன். அம்மா முறைத்தாள்.

"அடி மகராணி, தனியாப் போய்க் கழுத்தை நீட்டாதே" என்றாள் பம்பைப் பார்த்துக்கொள்ளும் பம்பு அக்கா. "பொய்யின்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டிருந்தது நாங்க ஆறு பேரும். காலையில யாரையும் கேக்காம ஆறு தொட்டியும் கழுவுவோம். சந்தைத் தெரு ஜனத்தையும் கூப்பிடுவோம். ஒம்பது மணிக்கு அவங்க முன்னாடியே நடந்ததைச் சொல்லுவோம். அதை இப்பவே எழுது, ஆறு பேரும் கையெழுத்துப் போடறோம்."

"எனக்கு ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு" என்றார் ஃபிட்டர் மாமா. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "பென்ஷன் வாங்கிட்டு நானும் இந்தத் தண்ணியத்தானே குடிக்கணும். என் பேரை மொதல்ல எழுது."

எழுதினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"நானும் வரட்டுமாம்மா?"

அம்மா அந்தக் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாலு மணிக்கு எழுப்புவேன். பழைய துணியாப் போட்டுக்க."