பூ கட்டாத காலிஃப்ளவர்

படூர் ஃபிளாட்டின் மொட்டை மாடியில் சைஃபுல்லா வைத்த காலிஃப்ளவர், தை முடியப் போகிற நேரத்திலும் பூ கட்டவில்லை. இலைகள் சிறுத்து, ஓரமெல்லாம் தீய்ந்துகொண்டே வந்தன. ஒரே ஒரு செடியில்தான் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. பக்கத்துத் தொட்டியில் கேரட் கீழே இறங்காமல் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

சிறுசேரி கம்பெனியில் அவனை வேலையிலிருந்து எடுத்தது ஐப்பசியில். அந்த வாரமே விதை வாங்கி வந்தான்.

“மொதல்ல கத்திரி, வெண்டைன்னு போடுப்பா. இதெல்லாம் கைப்பழக்கம் இருக்கறவங்களுக்கே பேஜாரு குடுக்கும்” என்றாள் எதிர்வீட்டு துர்காதேவி.

“கத்திரிக்கா எல்லாருக்கும்தான்கா வரும்” என்றான் அவன். பிறகு மனைவி ஹாதியாவிடம் சொன்னான்: “ஒரே ஒரு பூ வரட்டும். அன்னிக்கே இன்டர்வியூவுக்குக் கெளம்புறேன்.”

அவள் நம்பினாள். நம்பாமல் வேறு வழியும் இல்லை. கம்பெனிகளிலிருந்து வந்த அழைப்புகளை அவன் எடுக்காமலே விட்டுக்கொண்டிருந்தான்.

தன் பங்குக்கு அவளும் ஒன்று செய்தாள். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரை வாளியில் பிடித்து, தினமும் வேலைக்குப் புறப்படும் முன் மாடிக்குத் தூக்கிப்போய் வைத்தாள். லாரித் தண்ணீர் விற்கிற விலையில் நல்ல யோசனை என்றுதான் நினைத்திருந்தாள்.

அன்று காலையும் படியில் துர்காதேவி மறித்தாள். “இன்னா ஹாதியா, உன் வூட்டுக்காரரு மாடியிலயே குடித்தனம் வச்சிட்டாரா? அசோசியேஷன்ல தனியா மெயின்டனன்ஸ் கேக்கப் போறாங்க.”

ஹாதியா சிரித்துவைத்தாள்.

மேலே வாளியை இறக்கும்போது தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கரித்தது.

வேதியியல் படித்தவள் அவள். நல்ல தண்ணீரை ஒரு குழாயில் விட்டு, அதிலிருந்த உப்பையெல்லாம் சேர்த்து இன்னொரு குழாயில் வெளியே தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலை. பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறாள். இத்தனை நாளும் வாளியைத் தூக்கும்போது மட்டும் அது தோன்றவே இல்லை.

சைஃபுல்லா குவளையை வாளியில் முக்கினான்.

“ஊத்தாதீங்க.”

“ஏன்?”

சொல்லாமல் இறங்கிவிடலாம். பழியை வெயில்மேலோ கடற்காற்றின்மேலோ போட்டுவிடலாம்.

“இது உப்புத் தண்ணிங்க. செடிய நாந்தான் சாவடிச்சிருக்கேன்.”

அவன் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“போன மாசமே வாயில வச்சுப் பாத்தேன்.”

“அப்புறம் ஏங்க ஊத்துனீங்க?”

கீழே ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று சிறுசேரிப் பக்கம் போனது. அது மறைகிறவரை அவன் கண் அதன் பின்னாலேயே போனது.

“பூ வந்துட்டா கெளம்பணுமே, ஹாதியா. அங்க போயி உக்காந்தா, ஏன் உன்ன வேலைய விட்டு எடுத்தாங்கன்னு கேப்பான். எனக்கே தெரியாது. நான் இன்னா சொல்றது?”

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாளியை எட்டித் தள்ளினாள். தண்ணீர் வடிகாலைத் தேடி ஓடியது. கீழே போனாள்; குடிக்கப் பிடித்து வைத்திருந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

“குடிக்கிற தண்ணி அது.”

“ஊத்துங்க. அடியில வழியிற வரைக்கும் ஊத்துங்க. உப்பு கரைஞ்சி போவட்டும்.”

பச்சை மிச்சமிருந்த செடிக்கு ஊற்றினான். வெகுநேரம் கழித்து அடித்துளை வழியாகப் பழுப்பாகக் கசிந்தது. அவன் குனிந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

“இன்னும் கரிக்குது.”

அவளுடைய பஸ்ஸும் இந்நேரம் போயிருக்கும். ஹாதியா குடத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னும் பாதி கீது.”